லேப்டாப் வழக்கில் ஜாப் ஷீட் பேசும்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகளுக்காகப் பத்து மாதம் முன்பு 58,500 ரூபாய்க்கு லேப்டாப் வாங்கினேன். ஐந்தாவது மாதத்திலிருந்து நீலத்திரை வந்து தானாக அணைந்துவிடுகிறது. சர்வீஸ் சென்டரில் மூன்று முறை விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். நாலு நாளில் மறுபடியும் அதேதான். வெறுத்துப்போய் பக்கத்துத் தெருக் கடையில் கொடுத்தேன். அவர் பின்மூடியைத் திறந்து, ராமை (தற்காலிக நினைவகச் சில்லு) கழற்றித் துடைத்து மாட்டி, நான்காவது முறையாக விண்டோஸ் போட்டார். அப்படியும் நிற்கவில்லை. மகளின் புராஜெக்ட் எல்லாம் போய்விட்டது. சர்வீஸ் மேனேஜர் எடுத்தெறிந்து பேசுகிறார். புது லேப்டாப்பும் 5 லட்சம் நஷ்டஈடும் கேட்டு வழக்குப் போடலாமா? (கரூரிலிருந்து ஒரு வாசகி)

பதில்: போடலாம் அம்மா. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இந்தத் தொகைக்குக் கட்டணமே இல்லை. கரூரிலேயே தாக்கல் செய்யலாம். இரண்டு வருட அவகாசமும் இருக்கிறது.

மேனேஜரின் பேச்சையும் மகளின் கண்ணீரையும் ஓரமாக வைத்துவிடுங்கள். அழிந்துபோன கோப்புகளுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று அநேகமாக எல்லா ஜாப் ஷீட்டின் (பழுதையும் செய்த வேலையையும் எழுதி சர்வீஸ் சென்டர் தரும் சீட்டு) பின்புறமும் அச்சடித்திருப்பார்கள். கோப்புகள் போனதை வைத்து 5 லட்சம் கேட்டால், மனுவின் மற்ற பகுதிக்கும் மதிப்புக் குறையும்.

ஆணையம் பார்க்கப்போவது ஒன்றைத்தான்: கோளாறு மெஷினிலா, மென்பொருளிலா? சுத்தமாக அழித்துவிட்டுப் போட்டும் மூன்று முறை அதே கோளாறு வந்தால் ராம், எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்), மதர்போர்டு (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகை) மேல்தான் சந்தேகம் விழும். ஆனால் சந்தேகத்தை வைத்து உத்தரவு வாங்க முடியாது. நீங்கள் அனுப்பிய மூன்று ஜாப் ஷீட்டையும் பார்த்தேன். முதலாவதில் 'பழுது: ஹேங். வேலை: ஓ.எஸ். இன்ஸ்டால். நிலை: ஓகே'. நீலத்திரை என்ற சொல்லே இல்லை. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் 'ரீஸ்டார்ட்'. மூன்றிலும் 'திருப்தி' என்ற கட்டத்துக்குக் கீழே உங்கள் கையெழுத்து. அவர்கள் தாக்கல் செய்யப்போகும் முதல் ஆவணம் இதுதான்.

அதைவிடப் பெரிய ஆபத்து அந்தத் தெருக் கடை. என் கட்சிக்காரர் ஒருவருக்கு இதே நிலைதான். நான்கு முறை விண்டோஸ் மாற்றி, கடைசியில் தெரிந்த பையனிடம் கொடுத்துப் புது எஸ்எஸ்டி போட்டுக்கொண்டார். பழையதைக் குப்பையில் போட்டுவிட்டார். எதிர்த்தரப்பு எழுத்தில் கேட்டது ஒரே கேள்வி: பழைய எஸ்எஸ்டி எங்கே? பதில் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவில், சோதித்துத்தான் குறை தெரியும் என்றால் ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம், செலவை நாம் கட்ட வேண்டும். ஆனால் அவர் வழக்கில் சோதித்துப் பார்க்கப் பழைய பொருளே இல்லை. மனு தள்ளுபடியானது. உண்மையில் குறை இருந்தது என்றுதான் நான் இன்றும் நம்புகிறேன்.

உங்கள் நிலை அவ்வளவு மோசமில்லை. ராம் மாறவில்லை, துடைத்து மாட்டியதுதான். முக்கியமாக, மூன்று ஜாப் ஷீட்டும் அந்தக் கடைக்குப் போவதற்கு முந்தைய தேதி. வெளியாள் திறந்ததால்தான் கெட்டது என்ற வாதத்துக்கு உங்கள் பதில் அந்தத் தேதிகள்தான். கடைக்காரரிடம் என்ன செய்தார், எந்தப் பாகத்தையும் மாற்றவில்லை என்று ஒரு கடிதம் இன்றே எழுதி வாங்குங்கள். மறுத்தால் பில்லாவது வாங்குங்கள்.

ஐந்தாவது முறை விண்டோஸ் போடாதீர்கள், யார் சொன்னாலும் சரி. ஒவ்வொரு நீலத்திரைக்கும் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற இடத்தில் பெரும்பாலும் ஒரு பதிவு விழும். அழித்துப் போடும்போது அதுவும் போய்விடும். நான்கு முறையும் உங்கள் சாட்சியம் அப்படித்தான் போனது. இப்போது இருப்பதைப் பென்டிரைவில் எடுங்கள். திரை நீலமாவதைத் தேதி தெரியும்படி மொபைலில் வீடியோ எடுங்கள். தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழோடு (மின்னணுப் பதிவுகளுக்கானது) கொடுத்தால் தகராறு வராது.

அப்புறம், வாரண்டி முடிய இரண்டு மாதம்தான் இருக்கிறது. அதற்குள் மின்னஞ்சலில் புகார் போக வேண்டும். ஹார்டுவேர் சோதனை செய்து அறிக்கையை எழுத்தில் தரும்படி கேளுங்கள். அடுத்த ஜாப் ஷீட்டில் 'நீலத்திரை, நான்காவது முறை' என்று எழுதினால்தான் மெஷினைக் கையில் கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இலும் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

புது லேப்டாப்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம் என்பது என் கருத்து. 2006இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரண்டிப்படி பழுதான பாகத்தை மாற்றித் தந்தால் போதும், வண்டியையே மாற்றச் சொல்ல முடியாது என்றது. எதிர்த்தரப்பு வக்கீல் அதை எடுத்து வருவார். மதர்போர்டும் ராமும் மாற்றி, ஆறு மாதம் கூடுதல் வாரண்டியை எழுத்தில் தருகிறார்கள் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். மகளுக்கு இந்தப் பருவத்தேர்வுக்குள் ஓடுகிற லேப்டாப் வேண்டும், வழக்கு அதற்குள் முடியாது.

திருப்பி வாங்கும்போது 'முழுத் தீர்வு, இனிக் கோரிக்கை இல்லை' என்ற தாளை நீட்டுவார்கள், அல்லது போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்பார்கள். பதினைந்து நாள் ஓட்டிப் பார்த்த பிறகுதான் இரண்டும். அதுவரை 'பெற்றுக்கொண்டேன், சோதனைக்கு உட்பட்டது' என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.