கண்ணில் தெறித்த சானிடைசர்

கேள்வி: கொரோனா சமயத்தில் ஒரு ஜவுளிக்கடை வாசலில், காலால் அழுத்தும் ஸ்டாண்டிலிருந்து சானிடைசர் பீய்ச்சி என் நான்கு வயது மகளின் கண்ணில் பட்டது. இரண்டு நாள் அழுதாள். பிறகு சரியாகிவிட்டது. அது அவ்வளவு ஆபத்தானதா, டாக்டர்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: ஆபத்துதான் அம்மா. என் கிளினிக் வாசலிலும் அதே ஸ்டாண்ட் இருந்தது. ஒருநாள் டேப் வைத்து அளந்தேன்: மூன்றடி. நான்கு வயதுக் குழந்தையின் கண் இருக்கும் உயரம்! அன்றே உள்ளே மேசைக்கு மாற்றினேன். முன்பே தோன்றவில்லையே என்று இன்றும் மனம் உறுத்துகிறது.

பிரான்ஸில் விஷமுறிவு மையங்களுக்கு வந்த தகவல்களைக் கணக்கெடுத்தார்கள். 2019 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை, சானிடைசர் கண்ணில் பட்ட குழந்தைகள் 33 பேர். 2020இல் அதே மாதங்களில் 232. பாரிஸில் ஒரு கண் மருத்துவமனையில் இரண்டு குழந்தைகளுக்கு, கருவிழிப் புண் ஆற பனிக்குடச் சவ்வை (கருவில் குழந்தையைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு) வைத்துத் தைக்க வேண்டியிருந்தது.

சானிடைசரில் பெரும்பாலும் 60 முதல் 80 சதவீதம் ஆல்கஹால். அது கருவிழியின் மேல்தோலைப் பொசுக்கிவிடும். ஜெல் என்றால் வழியாமல் ஒட்டிக்கொண்டு இன்னும் கெடுக்கும்.

பட்டவுடன் இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரைக் கால் மணி நேரமாவது விடாமல் ஊற்றுங்கள். குழந்தை கத்தினாலும் நிறுத்தாதீர்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். உடனே கண் டாக்டரிடம் போங்கள்.

அப்புறம், உங்கள் மகளின் கருவிழியில் தழும்பு இருக்கிறதா என்று ஒருமுறை காட்டிவிடுங்கள்.