குறுக்கே பேசும் பிள்ளைக்கு என்ன கதை சொல்வது?

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. யார் பேசினாலும் குறுக்கே புகுந்துவிடுகிறான். எதற்கும் காத்திருக்க மாட்டேன் என்கிறான். பூர்வகுடி மக்களின் கதைகளைச் சொன்னால் பொறுமையும் காதுகொடுத்துக் கேட்கும் பழக்கமும் வரும் என்கிறார்கள். எந்தக் கதையை, எப்படிச் சொல்வது?

பதில்: சொல்லிப் பாருங்கள், பலன் இருக்கும். ஆனால் பொறுமையைப் போதிக்கும் கதையாகத் தேடி அலையாதீர்கள். கதையின் நீதியைவிட அதைச் சொல்லும் முறைதான் பிள்ளையைப் பழக்கும்.

வட அமெரிக்காவின் ஓஜிப்வே மக்கள், நானபோஜோ என்ற குறும்புக்கார நாயகனின் கதைகளைத் தரையில் பனி கிடக்கும் குளிர்காலத்தில்தான் சொல்வது மரபு. அங்கேயே வாழும் நவாஹோ மக்கள் சொல்லும் கொயோட்டி என்ற நரி போன்ற விலங்கின் கதைகளும் அப்படித்தான். கோடையில் ஆசைப்படும் பிள்ளை குளிர்காலம் வரை காத்திருக்க வேண்டும். நீங்கள் பருவம் பார்க்க வேண்டியதில்லை, கேட்டவுடன் கதை என்பதை மட்டும் நிறுத்துங்கள். இரவு விளக்கணைத்த பிறகுதான் கதை என்று வைத்துக்கொண்டால், பகலில் எத்தனை முறை நச்சரித்தாலும் அசைந்துகொடுக்காதீர்கள்.

முதல் கதையாக நான் சொல்லச் சொல்வது வட அமெரிக்காவின் இன்னொரு பூர்வகுடியான செரோக்கி மக்களின் நெருப்புக் கதை. உலகம் குளிரில் நடுங்குகிறது. நெருப்பு இருப்பது ஒரு தீவில், பொந்து விழுந்த மரத்தின் அடியில். முதலில் அண்டங்காக்கை பறந்து போகிறது, வெப்பத்தில் கருகிக் கறுப்பாகத் திரும்புகிறது. அடுத்து சின்ன ஆந்தை, கண் சிவந்து வருகிறது. பெரிய ஆந்தைகளின் கண்ணைச் சுற்றிச் சாம்பல் வெள்ளை வளையமாக ஒட்டிக்கொள்கிறது. பாம்புகளும் போய்க் கருகி வருகின்றன. கடைசியில் நீர்ச்சிலந்தி நூல் நூற்று, முதுகில் ஒரு சின்னக் கிண்ணம் பின்னி, அதில் ஒரே ஒரு தணல் துண்டை வைத்துக்கொண்டு வருகிறது.

இந்தக் கதையின் வசதியே அதன் வரிசைதான். இரண்டாம் முறை சொல்லும்போதே உங்கள் மகன், "எனக்குத் தெரியும், சிலந்தி!" என்று கத்துவான். திட்டாதீர்கள், பாராட்டவும் வேண்டாம். ஒரு மூச்சு விட்டு, "இரு, ஆந்தை இன்னும் கிளம்பவே இல்லை" என்று அதே குரலில் தொடருங்கள். முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று பரீட்சை வைக்காதீர்கள். அதைச் செய்தால் அடுத்த நாள் கதை என்றாலே பாடம் என்று ஓடிவிடுவான். கேள்வி அவனிடமிருந்து வரட்டும், இரண்டு நாள் கழித்து வந்தாலும் சரி.

இன்னொரு வழி, கதையை அவனுக்கே சொல்லாமல் இருப்பது! மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் மாயா பூர்வகுடிக் குழந்தைகளையும் ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கக் குழந்தைகளையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. உடன்பிறந்தவருக்கு ஒரு பொம்மை செய்யக் கற்றுக்கொடுக்கும்போது, பக்கத்தில் காத்திருக்கும் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். மரபு வழியில் வளர்ந்த மாயா குழந்தைகள் கூடுதலாகக் கவனித்தார்கள், பிறகு அந்தப் பொம்மையைச் செய்யும்போது அவர்களுக்கு உதவியும் குறைவாகவே தேவைப்பட்டது. பெரியவர்களின் வேலையில் கூடவே இருந்து பார்த்துக் கற்ற பழக்கம் அது. எனவே சில நாள் கதையை அவன் காதில் விழும்படி வேறு யாருக்காவது சொல்லுங்கள். எல்லாப் பேச்சும் தன்னைச் சுற்றியே நடக்கிறது என்று நினைக்கும் பிள்ளைக்கு இது நல்ல மருந்து.

கதை தேர்ந்தெடுக்கும்போது, எந்த மக்களுடைய கதை என்று பெயர் சொல்லாத புத்தகத்தை வாங்காதீர்கள். மனதுக்குள் சண்டை போடும் இரண்டு ஓநாய்களின் கதை செரோக்கி கதை என்று எங்கும் சுற்றுகிறது. அது அவர்களுடைய மரபுக் கதை என்பதற்கு ஆதாரம் கிடையாது. கதை எங்கிருந்து வந்தது என்பதையும் மகனிடம் சொல்லுங்கள். செரோக்கி மக்கள் இன்றும் வாழ்கிறார்கள், ஏதோ அழிந்துபோன கூட்டமல்ல என்பது அவனுக்குத் தெரிய வேண்டும்.

ஆறு வயதில் குறுக்கே பேசுவது பெரிய குறையல்ல. ஆனால் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாமல், அடிக்கடி "என்ன, என்ன" என்று கேட்டால் முதலில் காது மருத்துவரிடம் காட்டுங்கள்.