தண்டல் நோட்டும் வங்கியும்

அன்புள்ள ஐயா,

எம்.பி.ஏ. படிக்கிறேன். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியாரின் தலைமைப் பண்புகள் பற்றி வகுப்பில் பேச வேண்டும். தேடினால் உழைப்பு, தன்னம்பிக்கை, தொலைநோக்கு என்றே கிடைக்கிறது. சேப்பாக்கம் மைதானம் அவர் பெயரில்தானே இருக்கிறது? என் அப்பா தண்டலுக்குப் பணம் விடுகிறார், அதாவது கடன் கொடுத்து அன்றாடம் வசூலிக்கிறார். அதை வகுப்பில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

வி., கொருக்குப்பேட்டை

அன்புள்ள வி.,

மைதானம் எம்.ஏ. சிதம்பரத்தின் பெயரில் இருக்கிறது. அவர் வேறு, இவர் வேறு. மேடையில் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

உழைப்பும் தன்னம்பிக்கையும் காசிமேட்டில் விடியுமுன் கூடை தூக்கும் பெண்களுக்கும் உண்டு. அவற்றை விட்டுவிடுங்கள். செட்டியாரின் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று ஊர்களில் திறந்தது. அப்போது அவருக்கு வயது 28. ஏன் ரங்கூன்? செட்டியாரின் சமூகமான நகரத்தார் தொழில் செய்யப் போன சீமை பர்மா. கடை அங்கே, வீடு இங்கே. பணம் கடல் தாண்டிப் போய்வர வேண்டும். பணம் போகும் தடத்தை அறிந்து அதன் இரு முனையிலும் கதவைத் திறந்தார். 1954இல் சிங்கப்பூர் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு 45 வயதுதான் நிறைந்திருந்தது.

இனி உங்கள் அப்பா. ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கு வந்த தண்டல்காரர் தொள்ளாயிரம் கொடுத்து, நாளுக்குப் பத்தாக நூறு நாள் வசூலிப்பார். அந்த வட்டிக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறிய நாட்களில் மீனவர் வீட்டுக் கதவை அவர் தட்டியதில்லை. நீள நோட்டில் அந்தத் தேதிக்கு நேரே பென்சிலால் சிறு வட்டம் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். கடன் வாங்கியவரின் கடல் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒரு வித்தியாசத்தையும் வகுப்பில் சொல்லுங்கள். தண்டலில் போவது கைக்காசு, வங்கியில் போவது ஊரார் காசு. 1906இல் ஆர்பத்நாட் கம்பெனி என்ற சென்னை வங்கி திவாலானபோது சென்னை அதை அழுது கற்றது. மறு ஆண்டே இந்தியன் வங்கி பிறந்தது.

பேசுவதற்கு முன் அப்பாவின் நோட்டை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். தவணை விட்டுப்போன நாட்களுக்கு நேரே என்ன குறித்திருக்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.