கொழும்பில் வாழும் சாதாரணத் தமிழர்கள் நாட்டு நடப்பு, மதம், குடும்பம் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் வெளிநாட்டில் வளர்ந்தவர் என்று நினைக்கிறேன். "செய்திகளில் அரசியல்வாதிகள் பேசுவதுதான் வருகிறது, வீட்டுக்குள் இருப்பவர்கள் என்ன பேசுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார். நான் கொட்டாஞ்சேனையில் வீட்டோடு தையல் வேலை செய்பவள். 24 வருடமாக என் முன் அறையில் ஒரு மெஷினும் இரண்டு கதிரைகளும் ஒரு கண்ணாடியும் இருக்கின்றன. ஆடிவேலுக்குச் சாறி பிளவுஸ், பௌத்தர்களின் போயாவுக்கு வெள்ளைச் சட்டை, முதல் நன்மை வாங்கும் பிள்ளைக்குக் கவுண், பெருநாளைக்கு ஹபாயா எல்லாம் இங்கேதான் தைக்கிறேன். கொழும்புக்கே பதில் சொல்ல என்னால் முடியாது. இந்த அறையில் கேட்டதைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே ஒருவர் என்ன சொல்வார் என்பது பக்கத்துக் கதிரையில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. தமிழ்ப் பெண்கள் மட்டும் இருந்தால் காணாமல் போனவர்களைப் பற்றிப் பேச்சு வரும், வடக்கில் இருக்கும் காணி பற்றி வரும். ஒரு சிங்கள அக்கா கதவைத் திறந்து உள்ளே வந்தால் அடுத்த நிமிடமே கதை தேங்காய் விலைக்குப் போய்விடும். சிங்களப் பெண்கள் மட்டும் இருக்கும்போது நாங்கள் உள்ளே போனாலும் அப்படித்தான் இருக்கும். இதை வேஷம் என்று நினைக்காதீர்கள். வீட்டில் யார் தங்கினாலும் பொலிஸில் பதிய வேண்டியிருந்த காலத்தைக் கண்டவர்கள் நாங்கள். 2007 ஜூனில் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை இரவோடு இரவாக பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. அந்த இரவுக்குப் பிறகு என் கணவர் பஸ்ஸில் தமிழில் போன் பேசுவதையே விட்டுவிட்டார். சண்டை முடிந்து இவ்வளவு காலமாகியும் பஸ்ஸில் அவர் குரல் தாழ்ந்துதான் இருக்கிறது.

மதம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் சைவம். ஆனால் செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகாத சைவக் குடும்பம் எங்கள் ஒழுங்கையில் இல்லை. என் அம்மா பொன்னம்பலவாணேஸ்வரருக்கு விளக்கு ஏற்றிவிட்டு அப்படியே அந்தோனியாருக்கும் மெழுகுவர்த்தி வைப்பார். சிங்களப் பெண்கள் எங்கள் அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்து நேர்த்தி வைப்பார்கள். யாரும் இதைப் பெரிய நல்லிணக்கமாகச் சொல்லிக்கொள்வதில்லை. கஷ்டம் வந்தால் கேட்கிற சாமியிடம் போகிறோம், அவ்வளவுதான்.

அதனால்தான் 2019 ஏப்ரல் 21 எங்களை அப்படி உடைத்தது. அந்த உயிர்த்த ஞாயிறுக்கு நான் ஐந்து கவுண் தைத்துக் கொடுத்திருந்தேன். காலை 8.45 இருக்கும், சத்தம் கேட்டது, அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த சத்தம். கொச்சிக்கடை எங்களுக்கு நடந்து போகிற தூரம். அம்மா முதலில் செய்தது வீட்டிலுள்ளவர்களை எண்ணியது. பிறகு நான் அந்த ஐந்து பிள்ளைகளையும் எண்ணத் தொடங்கினேன். ஊரடங்கு போட்டார்கள், வட்ஸ்அப் வேலை செய்யவில்லை. இருட்டும் நேரத்தில்தான் ஐந்து பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்தது. குண்டு வைத்தவர்கள் முஸ்லிம் தீவிரவாதிகள். நாடு முழுவதும் அந்தக் குண்டுகளில் 260 பேருக்கு மேல் செத்துப்போனார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கையில் ஒரு முஸ்லிம் ராத்தா இருக்கிறார். ஒவ்வொரு நோன்புக்கும் கஞ்சி அனுப்புபவர். அந்த வருடம் மே மாதம் நோன்பு தொடங்கியது, கஞ்சி வரவில்லை. நாங்கள் வாங்க மாட்டோம் என்று அவர் நினைத்திருக்கிறார். நானும் மூன்று வாரமாக அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. கோபம் என்று இல்லை. யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள் என்ற பயம்தான். அதே பயத்தால் எங்களிடம் வராமல் ஒதுங்கிய சனத்தை நாங்கள் வாழ்நாள் முழுக்கக் குறை சொல்லி வந்தவர்கள். அப்புறம் ஒருநாள் பின்னேரம் ராத்தாவே வந்தார், பையில் இரண்டு ஹபாயாக்களோடு. "தங்கச்சி, இத வெட்டி சல்வார் டொப் மாதிரித் தெச்சுத் தருவீங்களா? மகள் பஸ்ஸில போகணும்" என்றார். முகத்தை மூடுவதைத்தான் அரசாங்கம் தடை செய்திருந்தது, ஹபாயாவை இல்லை. ஆனால் பஸ்ஸில் பார்க்கிறவர்களின் கண்ணுக்குச் சட்டம் தெரியாதே. நான் வெட்டிக் கொடுத்தேன். இத்தனை வருடத்தில் நான் துணி வெட்டிக் கை நடுங்கியது அன்று மட்டும்தான்.

2020 கடைசியில், கொரோனாவில் இறந்த முஸ்லிம்களையும் கட்டாயமாக எரித்த காலத்தில், பொரளை கனத்தை மயான மதிலில் ஆட்கள் எதிர்ப்பைக் காட்ட வெள்ளைத் துணி கட்டினார்கள். ராத்தாவின் மருமகன் என்னிடம் வெள்ளைத் துணி கேட்டு வந்தார். பள்ளிக்கூட யூனிபோர்முக்கு வாங்கி வைத்ததிலிருந்து கிழித்துக் கொடுத்தேன். எங்கள் மதத்தில் எரிப்பதுதான் முறை. ஆனால் தன் பிள்ளையைத் தன் முறைப்படி அடக்கக் கூடாது என்றால் அந்தத் தாய்க்கு எப்படி இருக்கும் என்று விளங்க ஒரு மதமும் தேவையில்லை.

அரசியல் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022இல் கரண்ட் ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் வரை இல்லாமல் போனது. மோட்டார் மெஷின் சும்மா கிடந்தது, அம்மாவின் பழைய கால்மெஷினைத் தூசு தட்டி எடுத்தேன். கேஸ் இல்லை, பெற்றோல் இல்லை, பால்மா இல்லை. அந்தச் சில மாதங்களில்தான் என் முன் அறையில் யார் உள்ளே வந்தாலும் கதை மாறவில்லை. எல்லாருக்கும் ஒரே வரிசை, ஒரே கோபம். காலிமுகத்திடல் போராட்டத்துக்குப் போன என் மகள் மே 18 அன்று அங்கே, போரின் கடைசியில் செத்தவர்களின் நினைவாக, முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்ததாகச் சொன்னபோது அம்மா நம்பவே இல்லை. "சிங்களப் பிள்ளைகளும் குடிச்சவையோ?" என்று இரண்டு தரம் கேட்டார்.

2024 தேர்தலில் எங்கள் வீடு இரண்டாகப் பிரிந்தது. பிள்ளைகள் திசைகாட்டி, அதாவது ஜே.வி.பி. இருக்கும் தேசிய மக்கள் சக்தி. அம்மா அசையவில்லை. இணைந்திருந்த வடக்கு, கிழக்கு மாகாணங்களைப் பிரிக்கச் சொல்லி 2006இல் வழக்குப் போட்டு வென்றது அதே கட்சிக்காரர்கள்தானே என்பார். மகள் "அது பழைய கதை அம்மம்மா, யாழ்ப்பாணத்திலேயே மூன்று சீட் எடுத்திருக்கிறார்கள்" என்பாள். இருவர் சொல்வதும் உண்மைதான். நான் யாருக்குப் போட்டேன் என்று இரண்டு பேருக்கும் சொல்லவில்லை.

குடும்பம் என்றால் இப்போது இரண்டு கதைதான். ஒன்று வெளிநாடு. பாதி வாடிக்கையாளர்களின் பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் டுபாயிலும். பேரப்பிள்ளைக்குத் தைக்கும் பாவாடையை அவர்கள் போனில் அனுப்பும் அளவுக்குத்தான் தைக்கிறேன், அது எப்போதும் சின்னதாகிப் போகும். இன்னொன்று கலப்புக் கல்யாணம். என் அக்காவின் மகள் ஒரு சிங்களப் பௌத்தப் பையனைக் கட்டினாள். வெளியூர் ஆட்கள் மதம்தான் பிரச்சினையாகியிருக்கும் என்று நினைப்பார்கள். இல்லை. காலையில் தாலி, மாலையில் சிங்களவர்களின் போறுவச் சடங்கு, யாரும் முகம் சுளிக்கவில்லை. அந்தப் பையனின் அம்மா கதிர்காமத்துக்கு வருடாவருடம் போகிறவர், முருகனை எங்களைவிட அதிகமாகக் கும்பிடுகிறவர். அக்காவை இரவெல்லாம் தூங்கவிடாதது வேறு: பிறக்கப் போகும் பிள்ளை எந்த மொழியில் பள்ளிக்கூடம் போகும்? இங்கே வகுப்பே சிங்கள மீடியம், தமிழ் மீடியம் என்று பிரிந்துதான் இருக்கிறது. ஆறு வயதில் போட்ட கோடு அறுபது வரை போகும். பேத்தி இப்போது சிங்கள வகுப்பில் இருக்கிறாள். அக்கா அவளுக்குத் தினமும் போனில் தமிழில் கதை சொல்கிறாள். அவள் சிங்களத்தில் பதில் சொல்கிறாள். இதற்கு யாரைக் குறை சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் எனக்கு வலிக்கிறது.

"மனம்விட்டு எப்போதாவது பேசுவார்களா?" என்றும் கேட்டிருந்தீர்கள். போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். மகளின் கம்பஸ் சிநேகிதி, ஒரு சிங்களப் பிள்ளை, பிளவுஸ் தைக்க வந்தாள். அம்மாவை ஆச்சி என்று கூப்பிடுவாள், சிங்களத்திலும் அது ஆச்சிதான். சுவரில் இருந்த அப்பாவின் படத்தைப் பார்த்துவிட்டு, 83 கலவரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டாள். எனக்குத் திக்கென்றது. வழக்கமாக அம்மா தேங்காய் விலைக்குப் போயிருப்பார். அன்று போகவில்லை. தன் பழைய சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார்.

தெஹிவளையில் இருந்தோம், பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் இரண்டு இரவு ஒளித்து வைத்தது, பிறகு இரத்மலானை இந்துக் கல்லூரி முகாம், பிறகு லங்கா கல்யாணிக் கப்பலில் காங்கேசன்துறை. இதெல்லாம் எனக்குத் தெரியும், எனக்கு அப்போது ஏழு வயது. தெரியாத ஒன்றையும் அன்று சொன்னார். அந்த வீட்டு நோனா அம்மாவின் பொட்டை அழித்து, தன்னுடைய சீத்தையையும் சட்டையையும் உடுத்தி விட்டு, விடியும்வரை "பால்திய" என்ற சொல்லைச் சொல்லிப் பழக்கினாராம். வாளிக்குச் சிங்களத்தில் அதுதான் பேர். றோட்டில் மறிக்கிறவர்கள் அந்தச் சொல்லைச் சொல்ல வைத்துத்தான் தமிழர்களைக் கண்டுபிடித்தார்கள். "எனக்கு வாய் வரேல்ல துவ (மகள்), அவ அழுதுகொண்டே திரும்பத் திரும்பச் சொல்லித் தந்தா" என்று, சிங்களத்தில் தொடங்கி, தன்னை அறியாமல் தமிழுக்கு வந்துவிட்டார். மகள் சிநேகிதிக்கு மொழிபெயர்த்தாள்.

அந்தப் பிள்ளை எந்த வீதி, எந்தப் பக்கத்து வீடு என்று கேட்டாள். அம்மா ஒரு பலா மரத்தையும் பச்சை நிறக் கேட்டையும் சொன்னார். அன்று அளவு எடுக்க மறந்தே போனது. அடுத்த நாள் அவள் மறுபடி வந்தாள்.