கிறிஸ்துமஸுக்கு நம்ம பலகாரம்: ஆச்சியிடம் கேளுங்க

கே: ஆச்சி, கிறிஸ்துமஸ் காலையில எங்க வீட்டுல இடியாப்பமும் பாயாவும்தான். அதையே பண்டிகைக் களையோட வைக்க முடியுமா? (தேவகோட்டை)

ப: தாராளமா, ஆத்தா. பாதி மாவுல பாலக்கீரை விழுது சேர்த்துப் பிசைங்க. கீரையைக் கொதிதண்ணியில ஒரு நிமிஷம் போட்டு, உடனே பச்சைத் தண்ணியில அலசி அரைச்சாத்தான் நிறம் நிக்கும். புளிப்பு எதுவும் படக்கூடாது, பச்சை பழுப்பாயிரும். பெருசு, நடுத்தரம், சிறுசுன்னு வட்டம் வட்டமா பிழிஞ்சு அவிச்சு, ஆறவிட்டு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குங்க. சூட்டோட அடுக்கினா அமுங்கிப் போகும். உச்சியில கேரட் நட்சத்திரம், மேலாக்க தேங்காய்த் துருவல். கிறிஸ்துமஸ் மரம் வந்தாச்சு! பாயாவை மட்டும் சோடிக்கப் போகாதீங்க, அதுக்கு வாசனையே போதும்.

கே: சிவப்புக்கு பீட்ரூட் சாறு விட்டேன், வெந்ததும் வெளிறிப்போச்சே? (காரைக்குடி)

ப: பீட்ரூட் சூடு தாங்காது. ரெண்டு சொட்டு எலுமிச்சை விட்டா கொஞ்சம் நிக்கும். இது கீரைக்கு நேர் எதிர். என்னைக் கேட்டா சாயமே வேண்டாம். வெள்ளைப் பணியாரம் சுட்டு, நடுவுல வரமிளகாய்த் துவையல், ஓரத்துல கொத்தமல்லித் தழை வைங்க. மூணு நிறமும் வந்திருச்சு. பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அது மேலயே உளுந்தைக் கோபுரமா வைக்கிற அளவுதான். நைஸா ஆட்டி, ஒவ்வொண்ணா ஊத்தி, சிவக்க விடாம எடுத்திரணும்.

கே: பிள்ளைங்க ஃப்ரைட் ரைஸ்தான் வேணுங்கிறாங்க.

ப: செஞ்சு குடுங்களேன். பீன்ஸும் சிவப்புக் குடமிளகாயும் தூக்கலா போட்டா போதும்.

கே: ஓவன் இல்லை. கேக் இல்லாம எப்படி ஆச்சி? (பள்ளத்தூர்)

ப: நம்ம கறுப்புக் கவுனி அரிசி இருக்கே! ராத்திரியே ஊறவச்சு, ஊறின தண்ணியிலேயே குக்கர்ல குழைய வேகவிடுங்க. நல்லா வெந்த பிறகுதான் சீனி; முன்னாடியே போட்டா அரிசி விறைச்சுக்கும். தேங்காயும் நெய்யும் சேர்த்துக் கெட்டியாக் கிளறி, நெய் தடவின கிண்ணத்துல அழுத்திக் கவிழ்த்தா ப்ளம் கேக் நிறம். மேல முந்திரியைப் பதிச்சிருங்க.

கே: பரிமாற சிவப்பு, பச்சை பேப்பர் தட்டு வாங்கலாமா?

ப: காசுக்குக் கேடு. ஓலைக் கொட்டான்ல, அதான் பனையோலைக் கூடையில, அந்த ரெண்டு நிறமும் இருக்கு. உள்ள வாழையிலை போட்டுப் பலகாரம் அடுக்குங்க, சாயம் ஏறாது. பரண்ல மங்குத் தட்டு (எனாமல் தட்டு) கிடந்தா அதையும் இறக்கலாம். ஓரம் பேந்ததை மட்டும் ஒதுக்கிருங்க; சில்லு சாப்பாட்டுல விழும்.