உப்புத் தண்ணீரும் புது போனும்

கேள்வி: என் ஐபோன் 13-இல் மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. வள்ளத்துக்கும் கொண்டுபோகிறேன். தவணையில் புதிய ப்ரோ வாங்கலாமா? – பாம்பன் வாசகர்

பதில்: தம்பி, பேட்டரி ஹெல்த் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்தீர்களா? 500 முழுச் சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகும் புதிதில் இருந்த கொள்ளளவில் 80 சதவீதம் தாங்கும்படி வடிவமைக்கப்பட்ட பேட்டரி அது. அதற்குக் கீழே இறங்கியிருந்தால் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள்.

புதிய போனிலும் தண்ணீர், தூசி தாங்கும் தரக்குறியீடு ஐபி68 என்று போட்டிருப்பார்கள். அந்தச் சோதனை நன்னீரில் நடப்பது. நம் கடலில் அல்ல. தண்ணீரால் வரும் சேதத்துக்கு வாரண்டியும் கிடையாது. மண்டபம் ஊரில் என் பழைய போனின் சார்ஜ் துளையில் பச்சை பூத்துக் கிடந்ததைப் பல்குச்சியால் சுரண்டியவன் சொல்கிறேன்: வள்ளத்துக்குப் பட்டன் போனே போதும்.

தவணை என்கிறீர்களே, வள்ளத்து இன்ஜின் கடன் முடிந்துவிட்டதா?