பாணந்துறைக் குரங்கும் திருமலை இருட்டும்: கரண்ட் பற்றிய கேள்வி பதில்

கிரிட் (நாடு முழுவதையும் இணைக்கும் மின்வலை) வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவன் என்பதால் கரண்ட் போனால் ஊரில் முதலில் என்னைத்தான் பிடிக்கிறார்கள். சரி, சேர்ந்துபோன கேள்விகளுக்கு இங்கேயே பதில்.

உப்புவெளியிலிருந்து: அண்ணா, 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டதே, அங்கே பாய்ந்ததற்கு எங்கள் வீட்டு ஃபேன் ஏன் நின்றது?

தம்பி, நாட்டுக்கே ஒரு கிரிட்தான். நுரைச்சோலை நிலக்கரி நிலையம், விக்டோரியா நீர்மின் நிலையம், உங்கள் ஃபேன் எல்லாம் 50 ஹேர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 துடிப்பு என்ற ஒரே தாளத்தில் கட்டப்பட்டவை. அன்று ஞாயிறு, காலை 11 மணி தாண்டிய நேரம், கடை கந்தோர் பூட்டு, பாவனை குறைவு, கூரைகளில் சோலார் வெளுத்துக்கட்டுகிறது, அதனால் தாளத்தைத் தாங்கிப் பிடிக்கும் மின் நிலையங்களின் பாரமான சுழலிகள் சிலவே ஓடின. ஓடுகிற லொறியில் மாடு முட்டினால் லொறி கொஞ்சம் குலுங்கும், சைக்கிளில் முட்டினால்? அன்று நம் கிரிட் சைக்கிள். தாளம் தப்பியதும் ஒவ்வொரு நிலையமும் தன்னைக் காப்பாற்றக் கழன்றுகொண்டது. நுரைச்சோலையின் மூன்று 300 மெகாவாட் இயந்திரங்களும் விழுந்தன, நிலக்கரி அடுப்பை உடனே மூட்ட முடியாது, அதனால்தான் அடுத்த இரண்டு நாளும் ஒன்றரை மணிநேர வெட்டு. குரங்கின் மேல் மட்டும் பழி போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நிலாவெளியிலிருந்து: எங்கள் கூரையில் சோலார் இருக்கிறது, நல்ல வெயில், ஆனாலும் வீடு இருட்டு. ஏன்?

சோலார் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் கிரிட்டின் தாளத்தைப் பார்த்துத்தான் ஓடும், அது இல்லாவிட்டால் தானே நின்றுவிடும். நிற்காவிட்டால், கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிற லைன்காரரை உங்கள் கூரையே கொன்றுவிடும். பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் இருந்தால் வீட்டுக்கு மட்டும் ஓட்டலாம்.

மூதூரிலிருந்து: அப்புறம் 2025 சித்திரை வருடப்பிறப்புக்கு மின்சார சபை கூரைச் சோலாரை நிறுத்தச் சொன்னது ஏன்?

அதே கதைதான் தங்கச்சி. விடுமுறையில் பாவனை படுத்துவிடும். உங்கள் கோபமும் நியாயம், கடன் எடுத்துப் போட்டவருக்கு ஒவ்வொரு யூனிட்டும் காசு. பெரிய பேட்டரிகளை முன்பே வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கிண்ணியாவிலிருந்து: ஒருமுறை போனால் திரும்பி வர ஏன் மணிக்கணக்கு?

முதலில் எழுப்புவது பெரும்பாலும் நீர்மின் நிலையங்களை, அவை வெளிக்கரண்ட் இல்லாமல் எழும்பக்கூடியவை. பிறகு ஒவ்வொரு லைனாக உயிர் கொடுத்து, அந்தந்த ஊரின் பாவனையை அளந்து சேர்க்க வேண்டும். நம் திருமலைக்கு 132 கேவி (கிலோவோல்ட்) லைன் அநுராதபுரத்திலிருந்து வருகிறது, அங்கே உயிர் வந்த பிறகுதான் இங்கே. அந்த நேரம் ஃபிரிட்ஜ், ஏசி எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள், எல்லாம் ஒரேயடியாக இழுத்தால் மறுபடி விழும்.

சம்பூரிலிருந்து: எங்கள் ஊரில் நிலக்கரி மின் நிலையம் என்றார்கள், இப்போது சோலார் என்கிறார்கள்?

500 மெகாவாட் நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. இப்போதைய சோலார் முதலில் 50, பிறகு 70 மெகாவாட்.

துறைமுகப் பக்கமிருந்து: தூறல் விழுந்தால் கம்பத்தில் ஸ்ஸ்ஸ் என்று சத்தம், பயமாக இருக்கிறது.

நீண்ட வெயிலில் கடல் உப்பு கம்பியைத் தாங்கும் பீங்கானில் படிந்திருக்கும், தூறலில் நனைந்ததும் அதன் மேல் கரண்ட் கசியும். பெருமழை வந்தால் கழுவப்பட்டுவிடும். நீலப் பொறி தெரிந்தால் மின்சார முறைப்பாட்டு எண் 1987க்கு அடியுங்கள், தடியால் தட்டிப் பார்க்கப் போகாதீர்கள்.